சுவரில் சாய்ந்த வெள்ளைச் சட்டை

கடைக்காரர் கோட்டுக் கட்டைக் கொண்டுவந்து தையல் மெஷின்மேல் போட்டார். மருத்துவமனைக்குத் தைத்த வெள்ளைக் கோட்டுகள். தோள்பட்டையெல்லாம் பச்சைத் தீற்றல்.

"இன்னொரு தடவ இப்படி வந்துச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்குவேன்மா. தப்பா நெனைக்காதே."

தையல்காரி தீற்றலை விரலால் தேய்த்துப் பார்த்தாள். தைத்ததை மாட்டுவதற்கு ஜன்னலோரச் சுவரை விட்டால் அவளுக்கு வேறு இடமில்லை. அதற்கு நேர் மேலே மேல்வீட்டுக்காரரின் குளியலறை. இவர்கள் வாடகைக்கு இருந்த கீழ் வீடும் அவருடையதுதான். அங்கே குழாய் கசிய, இங்கே சுவரில் பாசி பிடித்தது. வேரில்லை, இலையில்லை, கண்ணுங்களா. ஒவ்வொன்றும் கண்ணுக்கே தெரியாத ஒற்றை உயிர். துளி ஈரமும் துளி வெளிச்சமும் கிடைத்தால் போதும், ஊரையே கூட்டிக் குடிவந்துவிடும்.

அவள் சொன்னால் மேல்வீட்டுக்காரர் பார்க்க வராமலில்லை. அவர் வருகிறார் என்றாலே அவள் புருஷன், பஸ் ஓட்டுகிறவர், ப்ளீச்சிங் பவுடரும் பிரஷுமாகச் சுவரோடு மல்லுக்கு நிற்பார். அப்படி ஒரு கூச்சம். வந்தவர், "கசிவா, எங்கம்மா? சுவரு கண்ணாடி மாதிரி இருக்கே" என்று சிரித்துவிட்டுப் போவார்.

அன்று அவள் பிரஷை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள்.

"பிரஷ் எங்கடி? ஞாயித்துக்கெழம அவரு வர்றாரு."

"வரட்டும்."

"நாம குடித்தனம் பண்ற லட்சணத்தப் பாத்து சிரிக்க மாட்டாரா?"

"ஒழுகறது அவரு தண்ணி, நாசமாறது என் பொழப்பு. நடுவுல நீங்க தேச்சித் தேச்சி அவருக்கு நல்ல பேரு வாங்கித் தர்றீங்க. அவரையே கட்டியிருந்தா மாடியிலயாவது இருந்திருப்பேன்."

அந்த வாரம் கோட்டுகள் கட்டிலில் படுத்தன. இவர்கள் தரையில் படுத்தார்கள். சுவர் தன் இஷ்டத்துக்குப் பச்சையானது.

ஞாயிற்றுக்கிழமை மேல்வீட்டுக்காரர் எங்கோ கிளம்பிய கோலத்தில் வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. சுவரைப் பார்த்தார்.

"இது ஒண்ணுமில்லம்மா. ஈரத்துணிய உள்ள காயப்போட்டா இப்படித்தான். லேசான அழுக்கு."

அவளுக்குக் காது மடல் வரை கொதித்தது. ஸ்டூலை இழுத்துச் சுவரை ஒட்டிப் போட்டாள்.

"லேசானதுதானே சார். உக்காருங்க. நல்லா சாஞ்சுக்குங்க."

"சார், அது வந்து..." என்றார் புருஷன்.

"நீங்க சும்மா இருங்க."

ஒன்றுமில்லை என்று சொன்ன வாயால் எப்படி மறுப்பது? உட்கார்ந்தார். சாய்ந்தார். அவர் எழுந்து போனபோது முதுகு முழுக்கப் பச்சை அப்பியிருந்தது. அவள் வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

சற்று நேரத்தில் மேலே அவர் மனைவியின் குரல்.

"எந்தக் குட்டையில புரண்டுட்டு வர்றீங்க?"

அவர் ஏதோ முனகினார்.

"கீழ்வீட்டுச் சுவரா? அப்போ நம்ம குழாய்தானே ஒழுகுது? அந்தப் பொண்ணு சொன்னப்பல்லாம் ஒண்ணுமில்லேன்னீங்களே."

மறுநாள் குழாய் வேலைக்காரர் வந்தார். மேலே சுத்தியல் சத்தம் கேட்ட பிறகே அவள் இழுப்பறையைத் திறந்தாள். பிரஷைப் புருஷன் கையில் திணித்தாள்.

"இப்ப தேயுங்க. எனக்காகத் தேயுங்க."