மறைப்பு

டாக்டர் சுந்தரராமன் கண்ணாடிக் குழாயை ஸ்பிரிட் விளக்கின் மேல் சாய்த்துப் பிடித்திருந்தார். உள்ளே மருதாத்தாளின் மூத்திரம். சூடேற ஏற அது வெளிறி, அரிசி களைந்த தண்ணீர் போலக் கலங்கியது. இரண்டு சொட்டு ஆசிட் விட்டுப் பார்த்தார். கலங்கல் தெளியவில்லை.

அவள் கணவர் ரத்தினசாமி உட்காராமல் பின்னால் நின்றார். எருத்தேன்பதியிலிருந்து முதல் பஸ்ஸில் சித்தூருக்கு வந்திருந்தார்கள். ஒரு மாதமாக அவளுக்குக் கால் வீங்குகிறது. விரலால் அழுத்தினால் விழுந்த குழி அப்படியே நிற்கிறது. ஒன்றரை வருஷத்துக்கு முன்பு அவள் தலைசுற்றி வரப்பில் விழுந்தபோது, பிரஷர் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தவர் இதே டாக்டர்தான். அன்றிலிருந்து மாதம் தவறாமல் அதை வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தவர் ரத்தினசாமி.

"கிட்னியிலேந்து சத்து ஒழுகறது. பிரஷரும் இருநூறுக்கு மேல நிக்கறது" என்றார் டாக்டர்.

ரத்தினசாமி குரலை உயர்த்தாமல் சொன்னார். "அந்த மாத்திரை கிட்னியத் தின்னுபோடும்னு எங்க மச்சான் அப்பவே சொன்னாருங்க. நாங் கேக்கலீங்க. நாந்தான் வாங்கி வாங்கிக் குடுத்தேன்."

"சில பேருக்கு ஒத்துக்காமப் போறதுண்டு. அதுக்குத்தான் ஆறு மாசத்துக்கு ஒருதரம் வந்து காட்டச் சொன்னேன். நீங்க வரலை. ஆனா இவாளுக்கு மாத்திரையால வந்ததுன்னா, அதைப் போட்டுண்டும் பிரஷர் ஏன் இத்தனை இருக்கணும்?"

டாக்டரின் கேள்வியை விட, பழியைக் கணவர் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டதுதான் மருதாத்தாளுக்குத் தாங்கவில்லை.

"நான் மாத்திரை போடலீங்க" என்றாள். "ரெண்டு மாசம் போட்டனுங்க. அப்பறம் சாம்பலோட சேத்து குப்பையில கொட்டிப்போட்டேன்."

ரத்தினசாமி அவள் பக்கம் திரும்பினார். அவள் டாக்டரைப் பார்த்தே மேலே சொன்னாள்.

"அதுல ஒண்ணு மூத்திரத்துக்குப் போற மாத்திரைங்க. காலைல போட்டா உச்சிக்குள்ள ஏழெட்டு வாட்டி போகோணும். எங்க கடலைக்காட்டுல ஒரு செடி மறைவு கெடையாதுங்க. சுத்தியும் ஆம்பளையாளுக. ஒரு நாள் அடக்கி அடக்கி, சீலையோட..." அவள் நிறுத்தினாள். அன்றைக்கு வாய்க்காலில் வேண்டுமென்றே வழுக்கி விழுந்து நனைந்ததை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டாள்.

டாக்டர் விளக்கை அணைத்தார். "காலம்பறதான் போட்டுக்கணும். ராத்திரி போட்டா எழுந்திருக்கறச்சே விழுந்துடுவேள். பழுதானது திரும்புமான்னு என்னால சொல்ல முடியாது. இன்னும் பழுதாகாமப் பார்க்கலாம். அடுத்த மாசம் கட்டாயம் வரணும்."

திரும்பும் பஸ்ஸில் ரத்தினசாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இருபத்தாறு வருஷமாக அதே காட்டில் அவளோடு வேலை செய்திருக்கிறார். அவள் ஒதுங்க எங்கே போகிறாள் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இறங்கியதும் வீட்டுக்கு வராமல், பக்கத்துக் காட்டில் ஓர் அரிவாளை இரவல் வாங்கிக்கொண்டு பனைமரங்களின் பக்கம் நடந்தார்.

பொழுது சாய்வதற்குள் கடலைக்காட்டின் ஓரத்தில் நாலு குச்சி நட்டு, பச்சை ஓலையைக் கட்டத் தொடங்கியிருந்தார். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த மாரப்பன் நின்றான்.

"ஏனுங்க, காவலுக்குப் படுக்கச் சாளை போடறீங்களா?"

"இல்ல. பொம்பளைகளுக்கு."

மாரப்பன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தபடி போனான். மருதாத்தாள் வரப்பில் நின்று பார்த்தாள். மூன்று பக்கம்தான் முடிந்திருந்தது. களை எடுத்துக்கொண்டிருந்த முத்தாத்தாளும் ராமுத்தாயும் களைக்கொத்தைப் போட்டுவிட்டு அந்த மறைப்பை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள்.