இடது கைக்கு மட்டும்

கீபோர்டுக்கு டோன் அமைத்துக் கொடுப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்களுக்கு அவள் பதில் சொல்வதை விட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் ஒற்றை அறை. சுவர் முழுக்கக் கம்பளி, ஜன்னல் இடுக்கில் பழைய துணி. வாசிப்பவர்கள் கருவியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, "நிஜப் பியானோ மாதிரியே வேணும்" என்பார்கள். நிஜப் பியானோ எப்படி ஒலிக்கும் என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதனால் வேலை சுலபம்.

அவளுடைய அண்ணன் அந்தப் பாதியில் சேர்ந்தவன் அல்ல. ஒரு நடன நாடகக் குழுவில் பதினேழு வருடமாக வாசிக்கிறான். குழுவில் அவனுக்குச் சுத்தியல் என்று பெயர். அவன் அடிக்கிற அடியில் வருடத்துக்கு இரண்டு கட்டையாவது உடையும்.

போன வருடம், இசைக் கல்லூரிக்கு விடுமுறை விட்ட சமயத்தில், அங்கிருந்த பெரிய பியானோவை அவள் பதிவு செய்தாள். மூன்று கட்டைக்கு ஒரு கட்டை வீதம், ஒவ்வொன்றையும் நான்கு விதமாக அடிக்க வேண்டும்: தொட்டும் தொடாமலும், கொஞ்சம் அழுத்தி, நன்றாக, பலம்கொண்ட மட்டும். அடித்துக் கொடுத்தது அண்ணன்தான். கீபோர்டில் ஒரு கட்டை எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதைக் கருவி ஒன்று முதல் நூற்றிருபத்தேழு வரை ஒரு எண்ணாக எடுத்துக்கொள்ளும். எந்த எண்ணுக்கு எந்தப் பதிவு ஒலிக்க வேண்டும் என்று கோடு கிழிப்பது அவள் வேலை. நூற்று ஐந்துக்கு மேல் போனால் நான்காவது அடுக்கு, அதாவது அண்ணனின் முழு அடி. கோட்டைச் சரியான இடத்தில் கிழித்தால் வாசிப்பவனுக்குக் கோடு இருப்பதே தெரியாது.

நான்கு மாதம் கழித்து ஸ்கூட்டர் சறுக்கி அண்ணனின் இடது முழங்கை உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, நரம்பு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் இருந்தும் இல்லாதவை மாதிரி ஆகிவிட்டன. கீழ்ச் சுரங்களைத் தாங்குவது அந்த இரண்டு விரல்கள்தான்.

இயன்முறை மருத்துவர் பிசைவதற்கு ஒரு மஞ்சள் களிமண் உருண்டை கொடுத்து, விரல்களில் மாட்டி விரிக்க ரப்பர் வளையமும் கொடுத்தார். "ஒரு வருஷம் ஆகலாம், கூடவும் ஆகலாம்" என்றார். அண்ணனுக்கு ஒரு வாரம்கூடப் பொறுமை இல்லை. தினமும் கீபோர்டின் முன்னால் உட்கார்வான், இரண்டு நிமிடம் வாசிப்பான், எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொள்வான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அண்ணி இரண்டு மாடி ஏறி அந்த அறைக்கு வந்தாள். மூச்சு அடங்கும்முன்னே பேச ஆரம்பித்தாள்.

"ஏம்மா, மெதுவா அடிச்சாலே பலமா கேக்கற மாதிரி வைக்க முடியாதா? உங்க அண்ணன் மூஞ்சியப் பாக்கவே முடியல."

"முடியும் அண்ணி. ஆனா அது கை சரியானதா ஆகாது."

"கை ஆகுறப்ப ஆகட்டும். மனுஷன் சாப்பிடவாவது செய்வாரு இல்ல?"

"அண்ணாகிட்ட சொல்லிட்டு..."

"சொன்னா ஒத்துக்குவாரா? தான் பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு சொல்ற ஆளு அவரு. நீயே பண்ணிடு. நான் சொன்னேன்னு சொல்லாத."

அன்று சாயங்காலமே கருவியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி எடுத்துவந்தாள். கீழ் இரண்டு ஸ்தாயிகளுக்கு மட்டும் கோட்டை நூற்று ஐந்திலிருந்து நாற்பதுக்கு இறக்கினாள். பெருவிரலும் சுட்டு விரலும் நன்றாகத்தானே இருக்கின்றன, அவை மட்டும் காதைக் கிழித்துவிடக் கூடாதே என்று, அடியின் வேகத்துக்கேற்பச் சத்தம் கூடுவதை அங்கே நிறுத்தினாள். மேல் ஸ்தாயிகளைத் தொடவில்லை. மொத்தம் இருபது நிமிட வேலை.

மறுநாள் அண்ணன் வாசித்துப் பார்த்தான். கீழ்ச் சுரங்கள் கூடத்தின் தரையில் அதிர்ந்தன. கையை எடுத்துப் பார்த்தான், மறுபடி வைத்தான்.

"பாப்பா, வந்துருச்சு! பாத்தியா? நரம்பு பிடிச்சுக்கிச்சு!"

அவள் கருவியின் சிறு திரையைப் பார்த்தாள். நாற்பத்தொன்று. நாற்பத்து நான்கு. நாற்பத்தொன்று.

"ம்" என்றாள்.

அன்று அண்ணன் இரண்டு வேளையும் சாப்பிட்டான். அண்ணி அவளைப் பார்த்துச் சிரித்தாள். அதற்குப்பிறகு அந்த விஷயத்தை இருவரும் பேசவில்லை. களிமண் உருண்டை அலமாரியில் காய்ந்து கல்லானது. மருத்துவரிடம் போவதை அண்ணன் முதலில் ஒரு தடவை தள்ளிப்போட்டான், பிறகு அடியோடு நிறுத்தினான். "கைதான் வந்துருச்சே, அவரு மூஞ்சியப் பாக்கவா போறது?" என்றான். இப்படி ஆறு வாரம் போயிற்று.

ஒத்திகைக்கு முதல் தடவையாக அவன் திரும்பப் போன நாளில், ஸ்பீக்கர்களைச் சரிபார்க்க அவளும் போயிருந்தாள். ஐந்தாவது மாடி, லிப்ட் வேலை செய்யவில்லை. கருவி இருபது கிலோவுக்கு மேல். "அங்கேயே ஒண்ணு இருக்குமே" என்று அண்ணன் தன் கீபோர்டை வண்டியிலேயே விட்டுவிட்டான். "நான் தூக்கிட்டு வர்றேன் அண்ணா" என்றாள். "பைத்தியமா உனக்கு?" என்று ஏறிப் போய்விட்டான்.

ஆடுகிறவர்கள் பன்னிரண்டு பேர் நின்றார்கள். வாசிப்பு தொடங்கி அரை நிமிடத்தில் குழுத் தலைவி கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"சுத்தியல், இடது கை எங்க? காலை வைக்க அடியில ஒண்ணுமே கேக்கலையே."

"கீபோர்டு சரியில்ல."

குழுத் தலைவி அவன் தோளுக்கு மேலாகக் கை நீட்டி அதே கட்டைகளை அடித்தாள். கூடம் அதிர்ந்தது. ஆடுகிறவர்களில் யாரோ இருமினார்கள். அண்ணன் திரும்பி நேராகத் தங்கையைத்தான் பார்த்தான்.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்" என்று அவனே சொல்லிக்கொண்டு எழுந்தான்.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் நின்றான். அவள் இரண்டு படி மேலே நின்றாள்.

"எவ்வளவுக்கு இறக்கி வச்ச?"

"நாப்பதுக்கு."

"முன்ன நூத்தி அஞ்சு இல்ல?"

"ஆமா."

"யாரு சொன்னது?"

"நானாதான்..."

"நீயா ஒரு துரும்பைக்கூட நகத்த மாட்ட. சின்ன வயசுலேருந்து உன்னைத் தெரியாதா?" கைப்பிடிக் கம்பியை இடது கையால் பிடித்துப் பார்த்தான். "அந்தக் கல்லூரிப் பியானோல நான் அடிச்ச அடிதானே அது? அப்ப ஆறு வாரமா என் பழைய கையைத்தான் உக்காந்து கேட்டுட்டு இருந்திருக்கேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்டாள். அவன் மிச்சப் படிகளை இறங்கினான்.

வீட்டில் அவன் அண்ணியிடம் பேசியது ஒரே ஒரு வாக்கியம் என்று பின்னால் அண்ணி சொன்னாள்: "இனிமே எது இல்லையோ அதை இல்லைன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லு." அண்ணி அழுதாள். அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். தங்கையோடு ஒன்பது நாள் பேச்சு இல்லை. பத்தாம் நாள், பக்கத்து வீட்டுக்காரரை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லிக் கீபோர்டை அவள் அறைக்கு ஏற்றிவிட்டான்.

"பழையபடி வை."

வைத்தாள். அவன் உட்கார்ந்தான். கீழ்ச் சுரங்கள் பஞ்சு மாதிரி வந்தன. முன்பு போல இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடவில்லை. ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப அழுத்தினான்.

"இது என்ன சத்தம்? கிரீச்னு?"

அவள் ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். நாற்காலி. பதிவின்போது அவன் அசைந்திருக்கிறான். தொட்டும் தொடாமலும் அடித்த அந்த முதல் அடுக்கில் இன்னும் ஐந்து இடத்தில் கிரீச், ஓர் இடத்தில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம். இவன் எப்போதும் ஓங்கி அடிப்பவன்தானே, இதை யார் கேட்கப் போகிறார்கள் என்று முதல் அடுக்கை அவள் அன்று சரியாகக் கேட்டுப் பார்க்கவே இல்லை. அவனும் அதை அவசர அவசரமாகத்தான் அடித்துக் கொடுத்திருந்தான்.

"ஒப்பேத்தி வச்சிருக்க."

"ஒப்பேத்தி அடிச்சது யாரு?"

முதல் தடவையாக அவன் வாய் சிரிப்பில் கொஞ்சம் கோணியது. "கல்லூரில கேளு. மறுபடி எடுக்கலாம்."

இரண்டு மத்தியானங்கள் ஆயின. முதல் அடுக்கை மட்டும் எடுத்தார்கள், அதுவும் கீழ் ஸ்தாயிகளை இடது கையின் அந்த இரண்டு விரல்களாலேயே. மெல்ல அடிப்பது கஷ்டமாக இல்லை. ஒரே அளவில் அடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு சுரம் கேட்கும், அடுத்தது கேட்காது. ஒரு கட்டைக்குப் பதினெட்டு தடவைகூட அடித்தான். நடுவில் கையை உதறிக்கொண்டு ஜன்னலோரம் போய் நிற்பான். பிறகு திரும்பி வருவான். அண்ணி நாற்காலியின் கால்களுக்கு அடியில் துணி மடித்து வைத்துவிட்டு, மூச்சுவிடவும் பயந்து மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

அதன்பிறகு அவன் கருவியில் இரண்டு டோன்கள் இருந்தன. மேடைக்கு ஒன்று: கோடு நாற்பத்தைந்தில், குழுத் தலைவிக்கும் தெரிந்தே. வீட்டுக்கு ஒன்று: நூற்று ஐந்தில். குழுத் தலைவி இரண்டு காட்சிகளில் கீழ்ச் சுரங்களை டிரம் வாசிப்பவருக்கு மாற்றிக் கொடுத்தாள். ஒரு காட்சியை, மெதுவான வாசிப்புக்கு ஏற்ப, காலடி குறைத்து மாற்றினாள். "இது முன்னாடி இருந்ததைவிட நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டேன். ஆடலாம்" என்றாள்.

மருத்துவரிடம் மறுபடி போக ஆரம்பித்தான். அவர் திட்டினார், புது உருண்டை கொடுத்தார். மாதம் ஒருமுறை தங்கையின் அறைக்கு வந்து வீட்டு டோனில் சுண்டு விரலால் ஒரு கட்டையை அடிப்பான். அவள் எண்ணைப் படிப்பாள். நாற்பத்தேழு. ஐம்பது. ஒரு மாதம் நாற்பத்தாறு. அவள் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

வருடம் முடியும்போது மோதிர விரல் எண்பதைத் தாண்டியது. சுண்டு விரல் ஐம்பத்தெட்டோடு நின்றுவிட்டது. இனி ஏறாது என்று மருத்துவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். அந்த விரலுக்கு விழும் சுரங்களில் சிலவற்றைப் பக்கத்து விரலுக்கு மாற்றிக்கொண்டான், சிலவற்றை விட்டுவிட்டான்.