சொல்லாமல் ஊற்றிய எண்ணெய்

அந்தத் தீவில் கராச்சர்மா என்ற ஊரிலிருந்து டவுனுக்குப் போகிற வழியில் ஒரு செங்குத்தான இறக்கம் இருக்கிறது. பிரேக்கை நம்பாமல் எந்த வண்டியும் அதில் இறங்க முடியாது. குழந்தைவேலு ஏலத்தில் எடுத்த பிக்கப் வண்டியிலோ நம்பும்படி எதுவுமே இல்லை.

சண்டைக் காலத்தில் ராணுவத்தோடு தீவுக்கு வந்த வண்டி அது. பிறகு ஏதோ ஒரு கொட்டகையில் பல வருடங்கள் மழையில் நனைந்து கிடந்தது. பின்பக்கத்துப் பலகைகளைக் கறையான் தின்றுவிட்டிருந்தது. அரசாங்க லாரி ஓட்டும் குழந்தைவேலு, வேலை முடிந்து வந்த மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வீட்டு முற்றத்தில் தகரக் கூரை போட்டு அதைச் சீர்செய்தான். பலகை மாற்றினான், எஞ்சினைப் பிரித்துக் கழுவினான். பக்கத்து வீட்டு பக்தவத்சலம் அரசாங்கக் கச்சேரியில் குமாஸ்தா. தினமும் ஒரு முறை வேலி ஓரம் வந்து நிற்பார்.

"என்னப்பா, இது எப்போ கடல்ல இறங்குது?"

"கப்பல் இல்ல அண்ணே, வண்டி."

"வண்டின்னா ஓடும்ப்பா. இது மட்டும் ஓடிச்சுன்னா நான் மீசையை எடுத்துடறேன்."

வண்டி ஓடியது. பக்தவத்சலத்தின் மீசை மட்டும் அப்படியே இருந்தது. ஓடுவதில் இல்லை சிக்கல், நிற்பதில்தான். பழைய பிரேக் கம்பியால் இழுத்துப் பிடிப்பது. மிதித்தால் ஒரு சக்கரம் பிடிக்கும், மற்றது யோசிக்கும்.

இதைச் சரிசெய்தே ஆக வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அவன் மனைவி செல்லம் நிறைமாதமாக இருந்தாள். அவளுடைய முதல் பிரசவம் வீட்டிலேயே நடந்தது. குழந்தை தங்கவில்லை, செல்லம் பிழைத்ததே பெரிது. இந்த முறை வலி எடுத்ததும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காலை பஸ்ஸை விட்டால் அடுத்தது மத்தியானம். ஆகவேதான் அந்த வண்டி.

உடைந்துபோன ஒரு ஜீப்பிலிருந்து எண்ணெயால் வேலை செய்யும் பிரேக்கின் பாகங்களை விலைக்கு வாங்கினான். சக்கரங்களுக்குப் பொருந்தும்படி இரும்புத் தகடுகளை அறுத்து, துளையிட்டு, புதிதாகப் பிடிமானம் செய்தான். செம்புக் குழாய்களை வளைத்து நான்கு சக்கரங்களுக்கும் இழுத்தான். உள்ளே போடும் ரப்பர்களும் ஒரு டின் பிரேக் ஆயிலும் மெட்ராஸ் கப்பலில் வந்து சேர்ந்தன. குழாய்களுக்குள் காற்று நின்றால் பிரேக் பிடிக்காது. அதை வெளியேற்ற ஒருவர் மிதிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தின் பக்கம் திருகைத் திறந்து மூட வேண்டும். மிதிக்க ஆள் கிடைக்கவில்லை. செல்லமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

"மிதி... அப்படியே பிடி... விடு."

"இப்படி என்னை அதிகாரம் பண்ண இத்தனை நாள் காத்திருந்தீங்களா?"

"பேசாம மிதிம்மா."

"மிதிச்சுக்கிட்டேதான் பேசறேன்."

கடைசிச் சக்கரத்திலும் காற்று தீர்ந்தபோது மிதி கட்டை போல நின்றது. சமதளத்தில் ஓட்டிப் பார்த்தான். தொட்டதும் நின்றது. குழந்தைவேலு வண்டியிலிருந்து இறங்கி, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அதைக் கையெடுத்துக் கும்பிட்டான். ஆனால் டின் காலியாகிவிட்டது. ஓட்டுநரின் காலடியில், தரைப்பலகைக்குக் கீழே இருந்த எண்ணெய்க் கிண்ணத்தில் பாதிதான் இருந்தது. பாதி இருந்தாலும் பிரேக் வேலை செய்யும். ஆனாலும் அவனுக்கு மனம் ஒப்பவில்லை. அடுத்த கப்பல் வேறு தாமதம். "பலகைக்கு அடியில கிண்ணத்துல எண்ணெய் கொஞ்சம் குறையுது, அதுதான் கவலை" என்று குழாயடியில் யாரிடமோ சொன்னான்.

அந்த வீட்டு வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. கப்பல் வராத நாட்களில் உப்போ பருப்போ தீர்ந்துவிட்டது என்று ஒரு வீட்டில் பேச்சு வந்தால், மறுநாள் காலை அது அந்த வீட்டு வாசலில் இருக்கும். யார் வைத்தது என்று கேட்கக் கூடாது. வைத்தவரும் சொல்லக் கூடாது. கேட்டால் பெற்றுக்கொண்டவருக்கு வெட்கம், சொன்னால் கொடுத்தவருக்குப் பெருமை வந்துவிடும். தமிழர், வங்காளிகள், மலையாளிகள் எல்லோருமாகச் சேர்ந்து அதைக் காப்பாற்றி வந்தார்கள். கடவுளுக்குப் பிடித்த வழக்கம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

ஒரு காலை, பஸ் போன சற்று நேரத்துக்கெல்லாம் செல்லத்துக்கு வலி எடுத்தது. சொன்ன நாளுக்கு முன்பாகவே வந்துவிட்டது. குழந்தைவேலு அவளைத் தாங்கிக் கொண்டுவந்து முன் இருக்கையில் உட்கார வைத்தான். ஏறுவதற்கு முன் பலகையைத் தூக்கிக் கிண்ணத்தின் மூடியைத் திறந்தான்.

கிண்ணம் நிறைந்திருந்தது.

"செல்லம், யாரோ ஊத்தி வச்சிருக்காங்க!" என்றான். முருகனே வந்து ஊற்றியதுபோல ஒரு கணம் அவன் முகம் மலர்ந்தது. ஆனால் பழக்கத்தில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தான். பிரேக் ஆயிலின் வாடை இல்லை. மிதியில் படாமல் கையை மெல்ல வெளியே எடுத்தான்.

வேறு எண்ணெய் உள்ளே போனால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். தண்ணீர் கலந்திருந்தால் அது இன்னொரு விதமான கேடு. மண்ணெண்ணெய் போன்றதென்றால் மேலேயே மிதக்கும், எடுத்துவிடலாம். தண்ணீர் என்றால் ஆயிலோடு கலந்துவிடும், பிரிக்க முடியாது. என்ன ஊற்றினார்கள், எப்போது ஊற்றினார்கள் என்று தெரியாமல் அந்த இறக்கத்தில் செல்லத்தை எப்படிக் கொண்டு இறங்குவது? பஸ்ஸுக்குக் காத்திருக்கவும் முடியாது.

கேட்கக் கூடாததை அவன் கேட்டான். தெருவில் நின்று கத்தினான்.

"இதுல யாரு என்ன ஊத்தினீங்க? கோபமில்ல. சத்தியமா கோபமில்ல. சொன்னாப் போதும்!"

கதவுகள் திறந்தன. பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். மரமில்லில் வேலை செய்யும் நிதாய் பாபு, "க்யா ஹுவா பாய்?" என்று, என்ன ஆயிற்றென்று கேட்டபடி ஓடி வந்தார். பக்தவத்சலம் சவரம் பாதியில் நிற்க, சோப்பு முகத்தோடு வந்தார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எத்தனையோ வருடங்களாகச் சொல்லாமல் இருக்கப் பழகியவர்கள். அதிலும் இப்போது சொன்னால் அது குற்றத்தை ஏற்பது.

அப்போது வண்டிக்குள்ளிருந்து செல்லம் பேசினாள். வலி விட்டிருந்த அந்தச் சிறிய இடைவெளியில் அவள் குரல் மெதுவாகத்தான் வந்தது.

"யாரா இருந்தாலும் நான் நல்லா இருக்கணும்னுதான் ஊத்தியிருப்பீங்க. எனக்குத் தெரியும். இன்னும் ஒரு நல்லது பண்ணுங்க. சொல்லிடுங்க."

கூட்டத்தின் பின்னாலிருந்து விசாலாட்சி அக்கா முன்னே வந்தாள். ரவிக்கை தைத்துப் பிழைக்கிற விதவை.

"நான்தான் தம்பி. தையல் மிஷினுக்குப் போடற எண்ணெய். வீட்டுல இருந்ததே அந்த ஒரு குப்பிதான். எல்லா எண்ணெயும் எண்ணெய்தானேன்னு... பாவி நான்."

"எப்போக்கா ஊத்தினீங்க?"

"இப்பத்தான். விடிஞ்சதும் தண்ணிக்கு வந்தப்ப."

குழந்தைவேலு தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவன் அழுகிறான் என்று நினைத்து அவள் பதறினாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"மிஷின் எண்ணெய் மேலதான்கா நிக்கும். நேத்திலேருந்து இந்த மிதியை யாரும் தொடல. உள்ள போயிருக்காது. துணி கொண்டாங்க, ஜல்தி!"

விசாலாட்சி ஓடிப்போய்த் தையல் துண்டுகளை மடி நிறைய அள்ளி வந்தாள். இருவரும் குனிந்து துண்டு துண்டாக நனைத்து எடுத்தார்கள். வெள்ளை எண்ணெய் அடங்கி, அடியில் தேன் நிறத்தில் பிரேக் ஆயில் தெரிந்தது. அதன் மேற்பரப்பையும் அவன் விடாமல் ஒற்றி எடுத்தான். மட்டம் பழைய அளவைவிடக் கொஞ்சம் குறைந்து, பாதிக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. மூடியைத் திருகிவிட்டு மிதித்துப் பார்த்தான். கட்டை போல நின்றது.

"அக்கா, ஏறுங்க. அவ கையைப் பிடிச்சுக்குங்க."

"நானா?" என்றாள் அவள், நம்பாமல்.

"நீங்கதான்."

நிதாய் பாபு ஆப்பு போல வெட்டிய, படாக் என்ற கெட்டி மரத்தின் இரண்டு கட்டைகளோடு பின்பக்கம் ஏறினார். சோப்பு முகத்தோடு பக்தவத்சலமும் ஏறினார். பிரேக் பிடிக்காவிட்டால் குதித்துச் சக்கரத்துக்கு முன்னால் கட்டை வைப்பதாக ஏற்பாடு. "டரோ மத், ஹம் ஹை நா" என்று, பயப்படாதே நாங்கள் இருக்கிறோம் என்று நிதாய் பாபு செல்லத்துக்குத் தைரியம் சொன்னார்.

இறக்கத்தின் உச்சியில் குழந்தைவேலு முதல் கியரில் போட்டான். கீழே தென்னந்தோப்பும் அதற்கப்பால் கடலும் தெரிந்தன. அவன் அவற்றைப் பார்க்கவில்லை. மிதியை மெல்ல அழுத்தினான். வண்டி அடங்கியது. விட்டான், நகர்ந்தது. மீண்டும் அழுத்தினான். வளைவில் எதிரே ஒரு மாடு குறுக்கே வந்தபோது நன்றாகவே மிதித்தான். நான்கு சக்கரமும் ஒன்றாக நின்றன. பின்னால் நின்றிருந்த பக்தவத்சலம்தான் நிதாய் பாபுவின் மேல் போய் விழுந்தார்.

"நிக்குதுடா! நிக்குதுடாப்பா!" என்று கத்தினார். நின்றதற்காக ஒரு மனிதன் அவ்வளவு சந்தோஷப்பட்டதை அந்த மாடு பார்த்திருக்காது.

ஆஸ்பத்திரி வாசலில் செல்லத்தை இறக்கியபோதுதான் குழந்தைவேலு தன் சட்டை முழுவதும் நனைந்திருப்பதை உணர்ந்தான். பிறகு வராந்தாவில் காத்திருந்தார்கள். விசாலாட்சி ஒரு தூணை ஒட்டித் தனியாக நின்றாள். உதடுகள் ஏதோ ஜபித்துக்கொண்டிருந்தன. குழந்தைவேலு அவள் பக்கத்தில் போய் நின்றான்.

"நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா நான் கிளம்பியிருக்கவே மாட்டேன்கா."

"நான் ஊத்தாம இருந்திருந்தா நீ முன்னாடியே கிளம்பியிருப்ப."

"அதுவும் சரிதான்" என்றான் அவன். இருவரும் சிரித்துவிட்டார்கள். அவளுக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது. நல்லது செய்யப் போய்த் தவறுகிறவர்கள் நிறையப் பேர். அதை எல்லார் முன்னாலும் சொல்லத் துணிகிறவர்கள் சிலர்தான். அந்தச் சிலரைக் கொண்டுதான் கடவுள் பல காரியங்களை நேர் செய்கிறார்.

கதவு திறந்தது. நர்ஸ் துணியில் சுற்றிய குழந்தையோடு வெளியே வந்தார். உள்ளேயிருந்து செல்லத்தின் குரலும் கேட்டது. களைத்த குரல், ஆனால் தெளிவாக இருந்தது. "என்னங்க, வண்டியை ஒழுங்கா நிறுத்தினீங்களா?"

"பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றார் நர்ஸ். "யார் வாங்கிக்கறீங்க?"

குழந்தைவேலு கை நீட்டவில்லை. விசாலாட்சியைப் பார்த்துத் தலையசைத்தான். அவள் தன் உள்ளங்கைகளை முகர்ந்து பார்த்தாள். எண்ணெய் வாடை. பின்வாங்கினாள்.

"சோப்பு எங்கேம்மா இருக்கு?" என்று நர்ஸிடம் கேட்டாள்.

நர்ஸ் காட்டிய குழாயடியில் அவள் முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். போதுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டு இன்னொரு முறையும் கழுவினாள். அவசரம் இல்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். குழந்தையும்கூட அழாமல் காத்திருந்தது.