தங்கத்தாய் வெட்டாத மரங்கள்

1

இந்தக் கதைக்கு நானே காரணம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 1981-இல் சங்கரன்கோவில் தாலுகா அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஊரையொட்டிய குளத்துக்குள் நிற்கும் கருவேலமரங்களை வெட்டலாம் என்ற ஏல உத்தரவை அடித்தவை இந்த விரல்கள்தாம். அந்த மரங்களில் நாரைகள் கூடு கட்டியிருந்தது எனக்குத் தெரியும். ஆனால்...

(ஆனால் ஒன்றுமில்லை. அடித்தேன்.)

2

முதல் தொடக்கம்: 'மாசி மாத இளவெயிலில், வெண்மலர்கள் பூத்ததுபோல் நாரைகள்...'

வேண்டாம். கரையில் இருநூறு வீடுகள். எச்ச நாற்றத்தில் சோறு இறங்காமல்தான் அவர்கள் மரங்களை வெட்டச்சொல்லி மனுக் கொடுத்தார்கள். மலர் என்று எழுதினால் அடிக்க வருவார்கள்.

இரண்டாவது: தங்கத்தாய் அரிவாளோடு தண்ணீரில் இறங்கினாள்.

இது நிற்கும்.

3

தங்கத்தாய் விறகு வெட்டிப் பிழைப்பவள். இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய் முதல் கிளையை வெட்டினாள். கூடு சரிந்தது. மூன்று குஞ்சுகள் விழுந்தன, இரண்டு மூழ்கிவிட்டன. மூன்றாவதை ஏந்தினாள். அது பயத்தில் அவள் கையிலேயே மீனைக் கக்கியது. அதைப் பக்கத்துக் கூட்டில் வைத்துவிட்டுக் கரையேறினாள்.

ஏலம் எடுத்த இசக்கிப்பாண்டி கரையில் நின்றார்.

"என்னட்டி, ஏறிட்ட?"

"குஞ்சு இருக்கு அண்ணாச்சி. நான் வெட்டமாட்டேன்."

"வேற ஆள் வெட்டுவான்."

"வரட்டும். மரத்துக்கிட்டதான் நிப்பேன்."

[அவளுடைய கருணையைப் பற்றி இங்கே ஒரு பத்தி இருந்தது. அவளிடமே கேட்டேன். "கருணை என்ன கருணை சார்? கையில கக்கிட்டு. பொறவு எப்பிடி வெட்ட?" என்றாள். பத்தியைக் கோடிட்டு நீக்கிவிட்டேன்.]

4

கரையில் குடியிருந்த அன்னக்கிளிக்குக் கோபம்.

"நாத்தத்துல கெடக்கது நாங்கல்லா?"

"உங்க வீட்டுப் பக்கத்து மரத்துல குஞ்சு பறந்துட்டு. அத நாளைக்கே வெட்டுதேன். நடுக்குளத்து மரம் நிக்கட்டும்."

அன்னக்கிளி யோசித்தாள். "சரி. வெட்டு."

இருவரும் கரைப் பெண்களின் கைநாட்டோடு அலுவலகத்துக்கு வந்தார்கள். அதிகாரி ஒப்புக்கொண்டு சொல்ல, 'குஞ்சுகள் பறக்கும்வரை நடுக்குளத்து மரங்களை வெட்டக்கூடாது' என்று புதிய உத்தரவு அடித்தேன்.

[முந்தைய பிரதியில் 'எப்போதும் வெட்டக்கூடாது' என்று நானே துணிந்து அடித்துவிட்டதாக எழுதியிருந்தேன். பொய். எனக்கு அந்தத் துணிச்சல் இருக்கவில்லை.]

5

தங்கத்தாய் சொன்னபடி கரையோர மரத்தை வெட்டினாள்; வீடுகளில் நாற்றம் தணிந்தது. சித்திரையில் குஞ்சுகள் எல்லாம் பறந்தன. ஆடியில் குளம் வற்றியது. வெடித்த களிமண்ணில் மாட்டுவண்டியோடு இறங்கினார் இசக்கிப்பாண்டி. மரத்தடியில் தங்கத்தாய் நின்றாள். பக்கத்தில் அன்னக்கிளி, பின்னால் கரைப் பெண்கள்.

"பறவைதான் போயிட்டுல்லா? இன்னும் என்ன?"

"தண்ணியுந்தான் போயிட்டு அண்ணாச்சி. அதுக்காவ மடையப் புடுங்கிப் போட்டுருவியளா?"

இசக்கிப்பாண்டி வாயைத் திறந்தார்.

அவர் என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். திட்டலாம், சிரிக்கலாம், வண்டியைத் திருப்பலாம். அந்தப் பெண்களை மட்டும் அங்கிருந்து நகர்த்திவிட முடியாது. நானும் முயன்று பார்த்தேன்.