பாய் விரிக்காத நாட்கள்

1

இந்தக் கதை என் வலது தோளில் பிறந்தது. மாதத்தில் மூன்று நாள் அங்கே ஆணி அடித்தாற்போல வலிக்கும். பார்த்த மருத்துவர்கள் எல்லாரும் "எழுதுவீங்களா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றால், "அதான்." பதினொரு வருடம் கழித்து ஒருவர்தான், "எந்தத் தேதியில வலிக்கும்?" என்றார். கருப்பையின் உள்சவ்வைப் போன்ற ஒன்று நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலிருக்கும் உதரவிதானத்தில் ஒட்டிக்கொண்டால், மாதவிலக்கு வரும்போதெல்லாம் தோளில் வலிக்குமாம். என் கோபத்தை இந்தக் காலத்து மருத்துவர்களிடம் காட்டப் பயந்து, 1961க்கு ஓடிவந்துவிட்டேன்.

2

குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு (வேண்டாம். இந்தப் பக்கத்துக் கதைகள் எல்லாம் சாரலில்தான் தொடங்குகின்றன.)

ராபியாவுக்குத் தோள் வலித்தது. (இது போதும்.)

தென்காசி நெசவாளி யாக்கூபின் மனைவி அவள். தறிக்கு நூல் சுற்றுவது அவள் வேலை. மேலகரம் வைத்தியர் அய்யாத்துரை, "ராட்டை சுத்துவியா?" என்றார். "அதான்." ராட்டையை நிறுத்தினாள்; வலி நிற்கவில்லை. ஐந்தருவியில் தோளைக் காட்டி நின்றாள். குளிர்ந்தது, அவ்வளவுதான்.

மாமியார் சைதூன் பீவி மகனிடம் சொன்னாள்: "மூணு நாள் படுக்கா, பொறவு நல்லாத்தான் நடமாடுதா. வேலைக்குப் பயந்த வலி. புளியறைக்கு, அவ உம்மா வீட்டுக்கே அனுப்பிரு."

3

யாக்கூபை நான் முதலில் நம்பவில்லை. அந்தக் காலத்துப் புருஷன் இதையெல்லாம் கவனிப்பானா?*

விடியல் தொழுகைக்கு இரண்டு பாய்களையும் விரிப்பவன் அவன்தான். மாதத்தில் சில நாள் அவளுக்குத் தொழுகை கிடையாது, அவள் பாய் சுருட்டியபடியே கிடக்கும். ஏனென்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரியாததுபோல இருப்பதுதான் மரியாதை. அந்த மரியாதைதான் இத்தனை நாள் வலியையும் மறைத்து [கட்டுரை வாடை அடிக்கிறது. நிறுத்துகிறேன்.]

ஒரு விடியலில் தொழுது எழுந்தவன், அவள் முனகலைக் கேட்டான். சுருட்டிய பாயைப் பார்த்தான்.

"ஏட்டி, பாய் விரிக்காத அன்னைக்குத்தான் ஒனக்கு வலிக்குது. போன மாசமும் அப்படித்தான்."

"மெதுவாப் பேசுங்க. மாமி காதுல விழுந்திரும்."

"விழட்டும்."

*அந்த 'விழட்டும்' வந்த பிறகு நம்பினேன். பிடித்தும் போய்விட்டது.

4

அடுத்த மாதமும் அப்படியே வலித்ததும், தென்காசியில் ஒரு டாக்டரம்மாவிடம் அவளைக் கூட்டிப்போனான். "ஆம்பளையெல்லாம் வெளிய நில்லுங்க" என்றாள் நர்ஸ் ரெபேக்காள். யாக்கூப் வாசற்படியிலேயே நின்றான்.

"அம்மா, அவ வெக்கப்பட்டுச் சொல்லமாட்டா. தொழுகை இல்லாத நாள்ல மட்டுந்தான் தோள் வலிக்குது. மூணு மாசமாப் பாத்துக்கிட்டு வாரேன். அவ பொய் சொல்லல."

ராபியா தலை குனிந்தாள். பிறகு நிமிர்ந்து, கல்யாணமான அன்றுகூடப் பார்க்காத பார்வையாக அவனைப் பார்த்தாள்.

டாக்டரம்மா நோயின் பெயரைச் சொன்னார். (அடித்துவிட்டேன். எனக்கே பதினொரு வருடம் ஆனது.)

டாக்டரம்மா சிரித்தார். (இதையும் அடித்துவிட்டேன். நிமிர்ந்த அந்த முகத்தை மறுபடி குனியவைக்க மனம் வரவில்லை.)

ஆகவே டாக்டரம்மாவை எழுப்பி அனுப்பிவிட்டேன். நாற்காலி காலியாக இருக்கிறது, நீங்கள் வந்து உட்காருங்கள். ராபியா எதிரில்தான் இருக்கிறாள். நோயின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. ராட்டை சுத்துவியா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.