கொம்பில்லாத கங்கம்மா

"பேரு?"

"கெங்கம்மா சார். எங்க குப்பத்து அம்மன் பேரு."

"கங்கம்மான்னு எழுதிக்கிறேன். அதான் சுத்தம்."

"கெ-ன்னு எய்துங்க சார்."

"ஏன், கொம்பு வெச்சாதான் இறால் உரிப்பியோ?"

பதினோரு வருடத்துக்கு முன் தண்டையார்பேட்டை இறால் கம்பெனியில் நடந்த இந்தப் பேச்சினால்தான், கங்கம்மா என்ற ஒருத்தி உலகத்தில் உண்டானாள். முகத்துவாரக்குப்பத்துக் கெங்கம்மாவின் சம்பளத்தில் மாதாமாதம் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடித்ததெல்லாம் அந்தக் கங்கம்மா பேரில் ஏறியது. முதல் வருடப் பிடித்தத்தில், அந்தப் பேரை எழுதிய சம்பளக் குமாஸ்தா தண்டபாணியின் பீரோவுக்குப் பின்னால் இரண்டு பாதங்கள் வந்தன. மூன்றாம் வருடம் இடுப்புவரை வளர்ந்தாள். பெருக்க வரும் ஷம்ஷாத் அவளைச் சுற்றியே பெருக்கிவிட்டுப் போவாள். ஏழாம் வருடம் முகம் வந்தது. கெங்கம்மாவின் முகமேதான், வலது கண்ணில் வளரும் புரை உட்பட. எட்டாம் வருடம் கங்கம்மா ஈ.எஸ்.ஐ. கார்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய், ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டு, கண்ணில் பச்சைத் துணியோடு திரும்பினாள்.

அதே ஆஸ்பத்திரிக்கு அடுத்த வாரம் போன கெங்கம்மாவை, கார்டில் ஒரு பேர், ஆதாரில் ஒரு பேர் என்று திருப்பி அனுப்பினார்கள். தண்டபாணியிடம் வந்து நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "இப்போ பேரை மாத்தினா நீ புது ஆளு ஆயிடுவே. பழைய சர்வீஸ் மொத்தமும் போயிடும். பரவால்லியா?" தன் பிழை மேலிடத்துக்குத் தெரியாமலிருக்க அவன் சொன்ன பச்சைப் பொய் அது. சிரித்துக்கொண்டே சொன்னான். கெங்கம்மா கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டு இறால் மேஜைக்குத் திரும்பினாள். இரண்டு வருடத்தில் வலது கண் முழுவதும் போனது.

போன மாதம் இடது கண்ணும் மங்கத் தொடங்கியது. கங்கம்மாதான் அவள் கையைப் பிடித்து ஆபீசுக்கு அழைத்து வந்தாள். தண்டபாணி எழுந்து, "வாங்க கங்கம்மா, உக்காருங்க" என்று ரெக்கார்டில் இருப்பவளுக்கு நாற்காலி போட்டான். கெங்கம்மா நின்றாள்.

"நீ இன்னாத்துக்கும்மா வந்தே?" என்று அவளைக் கேட்டான் தண்டபாணி.

கெங்கம்மா மேஜையில் ஓங்கி அறைந்ததில் டீ டம்ளர் உருண்டது.

"இவ குந்தட்டும். என் சம்பளத்துல வளந்தவ, இவ மேல எனக்கு இன்னா கோவம்? நீதான் என் கண்ண அவிச்சுட்டு பல்லக் காட்டிக்கினு கீறே. சர்வீஸ் போனா போவட்டும்."

கங்கம்மா பேனாவைத் திறந்து தண்டபாணியின் கையில் வைத்தாள்.

"எய்து நைனா," என்றாள் கெங்கம்மா. "என் பேர கொம்பு போட்டு எய்து."