முதுகு காட்டி உட்கார்ந்த டிரைவர்

பின்னால் பார்க்காமல் பஸ் டிரைவருக்குப் பிழைப்பு ஓடாது. இரண்டு பக்கமும் கண்ணாடி, தலைக்கு மேலே ஒரு கண்ணாடி. படியில் யார் தொங்குகிறார்கள், யார் மூச்சிரைக்க ஓடி வருகிறார்கள் என்று கண் அலைந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட மனிதரை ஸ்டூலில் உட்கார வைத்து, "முடியற வரைக்கும் திரும்பக் கூடாது" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

சனிக்கிழமைதோறும் அவருக்கு அதுதான் வேலை. மகள் விளையாடுவது கை கால்களை நினைத்தபடி அசைக்க முடியாத பிள்ளைகளுக்கான பந்தாட்டம். முதலில் ஒரு வெள்ளைப் பந்தை உருட்டி விடுவார்கள். பிறகு ஒருவர் சிவப்புப் பந்துகளை விட, இன்னொருவர் நீலப் பந்துகளை விடுவார். யாருடைய பந்து வெள்ளைக்கு நெருக்கமாக நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. பந்தைப் பிடித்து எறிய முடியாதவர்களுக்கு ஒரு சறுக்கு உண்டு. மாடிப்படிக் கைப்பிடியில் ஒரு துண்டை வெட்டி நிறுத்தியது போல இருக்கும். மகள் சக்கர நாற்காலியில் இருந்தபடி "இடது, இன்னும், போதும்" என்பாள். அப்பா சறுக்கைத் திருப்பி, அவள் சொல்லும் உயரத்தில் பந்தை வைப்பார். நெற்றிப் பட்டையில் பொருத்திய குச்சியால் அவள் அதைத் தாங்கிப் பிடித்து, தலையை மெல்லப் பின்னுக்கு இழுப்பாள். பந்து உருளும்.

குறி முழுக்க அவளுடையது. அதனால் சறுக்கு பிடிப்பவர் களத்துக்கு முதுகைக் காட்டி, அவள் முகத்தைப் பார்த்தபடிதான் உட்கார வேண்டும். அவள் சொல்லாமல் ஒரு நூல் நகர்த்தினாலும் தப்பு.

"என்ன அண்ணே, சனிக்கிழமைன்னா ரிவர்ஸ் கியர்தானா?" என்று கண்டக்டர் கேலி பண்ணுவார்.

"வண்டி மேடத்தோடதுப்பா. நான் வெறும் ஸ்டியரிங்" என்பார் டிரைவர்.

வாய்தான் அப்படிச் சொல்லும். வீட்டில் கதை வேறு. மகளுக்குச் சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வரும், அடைபட்ட குழாயில் தண்ணீர் வருவது போல. அவள் "எனக்கு..." என்று ஆரம்பித்ததும் "தண்ணியா? ஜன்னலை மூடணுமா?" என்று அவர் முடித்துவிடுவார். டாக்டர் அவளிடம் கேட்டால் பதில் அவரிடமிருந்து வரும். செருப்புக் கடையில் நிறத்தைக்கூட அவரே சொல்லிவிடுவார். எல்லாம் பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் அவள் சொல்லி அவர் கேட்கும் இடம் இந்த உலகத்தில் இந்த ஸ்டூல் ஒன்றுதான்.

அன்று வேறு ஊரில் போட்டி. பழைய கிடங்கை மாற்றிக் கட்டிய கூடம். தரையில் புது வார்னிஷ் வாசனை. மகளின் நாற்காலிக்குப் பின்னால் சுவர் நெடுகப் பெரிய ஜன்னல். வெளியே மழை இருட்டிக்கொண்டு வர, உள்ளே விளக்குகளைப் போட்டார்கள். அவ்வளவுதான், ஜன்னல் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிட்டது.

டிரைவரின் கண் பழக்கதோஷத்தில் அங்கே போனது. மகளின் தோளுக்கு மேலே, தண்ணீருக்கடியில் தெரிவது போல, களம் முழுக்கத் தெரிந்தது. வெள்ளைப் பந்து. அதை ஒட்டி எதிராளியின் சிவப்பு ஒன்று. சறுக்கோ வெள்ளையை விட்டு விலகி எங்கேயோ பார்த்தது.

'ஐயோ, வீணாப் போகுதே' என்று மனம் அடித்துக்கொண்டது. விரல் தானாகச் சறுக்கை ஒரு நூல் நகர்த்தியது.

பந்து அழகாகப் போய் வெள்ளைக்கு முன்னால் நின்றது. ஆனால் சிவப்புதான் இன்னும் நெருக்கம். நாலு சுற்றில் மூன்றாவது எதிராளிக்குப் போனது. மகள் ஒரு புள்ளி பின்தங்கினாள். நடுவர் எதையும் கவனிக்கவில்லை.

அடுத்த சுற்றுக்கு முன் கிடைத்த சின்ன இடைவெளியில் மகள் அவரையே பார்த்தாள்.

"நீ... பாத்தே."

"இல்லம்மா, சும்மா கை..."

"ஜன்னல்ல. உன் கண்ணு... என் முகத்துல இல்ல."

டிரைவருக்கு முகம் செத்துப்போயிற்று.

"தப்பாப் போகுதேன்னு பதறிட்டேன்டா."

"சிவப்பை... தள்ளிவிடத்தான்... அப்படி வச்சேன்." அவள் மூச்சு வாங்கினாள். "இன்னொரு தடவை பாத்தா... கோச்சை உட்காரச் சொல்லிடுவேன். அப்புறம் நீ... அந்தப் பக்கம் உட்காந்து... கைதட்டு."

கோச் ஏற்கனவே அவர்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் வாயைத் திறந்தார். 'உனக்காகத்தானே' என்ற சொல் நுனிநாக்கு வரை வந்தது. அதை விழுங்கினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவள் மடியில் வைத்தார்.

அது இல்லாவிட்டால் அவருக்குக் கை எட்டும் தூரம்தான் உலகம். ஜன்னல் கரைந்து வெறும் மஞ்சள் புகையாயிற்று. அவள் முகம் மட்டும் மிச்சம். புருவத்துக்கு மேலே பட்டை அழுத்திய சிவப்புக் கோடு, மேலுதட்டில் பொடிப்பொடியாக வியர்வை. பதினோரு வருஷமாகப் பார்த்த முகம்தான். ஆனால் அது யோசிப்பதை உட்கார்ந்து பார்த்ததில்லை.

கடைசிச் சுற்று. பந்துகள் போகப் போக அவருக்குச் சத்தம் மட்டுமே கிடைத்தது. நீலம் ஒன்று எங்கோ ஓரமாக ஒதுங்கியிருக்க வேண்டும். யாரோ "ப்ச்" என்றார்கள். கடைசியில் ஒரே ஒரு நீலப் பந்து மிஞ்சியது.

"இடது" என்றாள். நகர்த்தினார்.

"இன்னும்."

நகர்த்தினார். இதுவரை பந்துகள் போன வழியை விட்டுச் சறுக்கு எங்கேயோ விலகிவிட்டது. அது அவர் கைக்கே தெரிந்தது.

"இன்னும்..."

இன்னும் என்ன? விரல்கள் திரும்பி வரத் துடித்தன. அவள் உதடு அடுத்த சொல்லுக்காகத் தடுமாறியது. இந்த இடத்தில்தான் எப்போதும் அவர் முந்திக்கொள்வார். இப்போது காத்திருந்தார்.

"...கொஞ்சம். போதும். உச்சியில வை."

வைத்தார். அவள் நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்த்தது. தலை பின்னுக்கு நகர்ந்தது.

கடகடவென்று பந்து இறங்கியது. பிறகு தரையில் மெல்லிய உருளல். 'தொப்' என்று ஒரு சத்தம். சிறிது விட்டு இன்னொரு, மிகச் சிறிய 'தொப்'. அவருக்கு எதுவும் தெரியாது. அவள் கண்கள் எதையோ பின்தொடர்ந்து போய், நின்று, அகலமாக விரிவதைத்தான் பார்த்தார். அப்புறம் கன்னத்தில் குழி விழுந்தது.

அதற்குப் பிறகுதான் கைதட்டல் வந்தது. நடுவர் நீல அட்டையை உயர்த்தினாராம். அதைக்கூட அவர் பார்க்கவில்லை.

"என்னம்மா பண்ணே?"

அவள் சொல்ல நேரமெடுத்தாள். அவர் நடுவில் ஒரு சொல்லும் போடவில்லை.

"ஓரமாக் கிடந்துச்சே... நம்ம நீலம்... அதை அடிச்சேன். அது போய்... வெள்ளையைத் தொட்டுடுச்சு."

"அடிப்பாவி! அதுக்குத்தான் அங்க விட்டியா?"

"இல்ல. அது... தப்பாத்தான் போச்சு." சிரிப்பில் நாற்காலியே குலுங்கியது. "அப்புறம்தான்... யோசிச்சேன்."

புள்ளிகள் சமமாகிவிட்டதால் இன்னொரு சுற்று என்று அறிவித்தார்கள். எதிர்ப் பக்கத்துப் பையனும் அவன் அம்மாவும் சிவப்புப் பந்துகளை மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் மகளின் மடியை நோக்கிக் கையை நீட்டினார்.

"கண்ணாடியைக் கொடு, ஒரு தடவை பாத்துக்கறேன்."

அவள் வளைந்த மணிக்கட்டால் கண்ணாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எதுக்கு? இன்னும்... ஆட்டம் முடியல. உட்காரு டிரைவர்."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.